கடல்நீர்த் தொட்டியில் டாங் மீன்கள்: ஒத்து வாழும் இனங்களைத் தேர்ந்தெடுத்தல்

கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளப்பாறை மீன்களை வளர்க்கும் வழக்கம் நம் நாட்டின் நகரங்களில் பரவியுள்ளது. இல்லங்களிலும் சில பள்ளி, கல்லூரிகளிலும் இத்தொட்டிகளைக் காணலாம். இவற்றில் விரும்பி வளர்க்கப்படும் மீன்களுள் முதல் வரிசையில் நிற்பவை டாங் மீன்கள். தட்டையான உடல், தெளிந்த நிறம், பகல் முழுதும் ஓயாத நடமாட்டம் ஆகியவற்றால் இவை காண்போர் உள்ளத்தைக் கவர்கின்றன. ஆனால், கடல்மீன் வளர்ப்போர் மிகுதியாக இழக்கும் மீன்களுள்ளும் இவை அடங்கும். நீரின் உப்பு, உஷ்ணநிலை, தூய்மை எல்லாம் செவ்வையாக இருந்தும், புதிதாகச் சேர்த்த மீன் சில நாட்களில் இரை எடாமல் மூலையில் ஒதுங்கி, உடல் மெலிந்து இறந்துபோவதுண்டு. பல சமயங்களில் இதற்குக் காரணம் தண்ணீர் அன்று. தொட்டியில் முன்பே குடியிருக்கும் மற்றொரு டாங் மீனே ஆகும்.

இவ்விழப்பு சிறிதன்று. ஹவாய்த் தீவுகளில் வாழும் மஞ்சள் டாங் மீன்களின் செவிக்கற்களில் அமைந்த வளையங்களை எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர், அவற்றுள் சில 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடையவை எனக் கண்டுள்ளனர். அத்தகைய நீண்ட ஆயுள் படைத்த உயிர், தவறான துணையின் காரணமாகச் சில வாரங்களில் மடிவது தவிர்க்கத்தக்கது. எந்த மீனுடன் எந்த மீன் ஒத்து வாழும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க இயலும். அக்கணிப்புக்கு அடிப்படை, இம்மீன்கள் பவளப்பாறையில் எவ்வாறு மேய்கின்றன என்பதே. மேய்ச்சலைப் புரிந்துகொண்டவர்க்குப் பகையும் நட்பும் எளிதில் விளங்கும்.

குடும்பமும் அதன் அடையாளமும்

டாங் மீன்கள் அகாந்தூரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. முள் என்றும் வால் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் அமைந்தது. வாலின் அடிப்புறத்தில், இரு பக்கங்களிலும், கத்தி போன்ற கூரிய முள் இருப்பதே இக்குடும்பத்தின் தனி அடையாளம். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவரின் கத்தியை ஒத்திருப்பதால் இவற்றைச் சர்ஜன் மீன்கள் என்றும் அழைப்பர்.

இக்குடும்பத்தில் 80-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை ஆறு பேரினங்களுள் அடங்கும்: அகாந்தூரஸ், டெனோகீட்டஸ், ஸீப்ரசோமா, பாராகாந்தூரஸ், நாசோ, பிரையோனூரஸ். முதல் நான்கு பேரினங்களில் பக்கத்துக்கு ஒரு முள் உண்டு. அது பேனாக்கத்தியைப் போல உடலோடு மடங்கியிருந்து, வேண்டும்போது வெளிப்படும். நாசோ பேரினத்தில் ஒன்று அல்லது இரண்டு தகடுகள் மடங்காமல் நிலையாக நிற்கும். பிரையோனூரஸில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தகடுகள் உண்டு. இப்பேரினம் இல்லத் தொட்டிகளில் அரிதாகையால் இங்கு விரித்துரைக்கப்படவில்லை.

இந்தியக் கடல்களிலும் இக்குடும்பம் நன்கு பரவியுள்ளது. இந்துமாக்கடலுக்கே உரியதும், வெளிர்நீல உடலும் கருமுகமும் மஞ்சள் முதுகுத் துடுப்பும் உடையதுமான அகாந்தூரஸ் லியூகோஸ்டெர்னான் லட்சத் தீவுகளின் பாறைகளில் காணப்படுகிறது. இதனை வெளிர்நீல டாங் எனக் குறிப்பிடலாம். நீலமும் மஞ்சளும் நீளவாட்டில் மாறிமாறி ஓடும் அகாந்தூரஸ் லினியாட்டஸ், வெண்ணிற உடலில் கரிய குறுக்குக் கோடுகள் அமைந்த அகாந்தூரஸ் டிரையோஸ்டீகஸ் ஆகியனவும் நம் கடல்களில் உள்ளவையே. இவற்றை முறையே நீள்வரி டாங், குறுக்குவரி டாங் என இக்கட்டுரை குறிக்கும்.

பகைமையின் காரணம்

டாங் மீன்களுள் மிகப் பல தாவர உணவை நம்பி வாழ்பவை. பவளப்பாறையின் மேற்பரப்பில் புல்வெளி போல முளைக்கும் நுண்பாசியே அவற்றின் மேய்ச்சல் நிலம். பாசியில் சத்து குறைவு. ஆகவே விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அவை கொறித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். நல்ல பாசிப் பரப்பு ஒன்று கிடைத்தால் அதனைப் பிறர் மேயாமல் காப்பது அம்மீனுக்கு ஆதாயம். இதுவே அவற்றின் சண்டைக்கு மூலம்.

இந்துமாக்கடலில் ஷெஷல்ஸ் தீவுகளைச் சேர்ந்த அல்டாப்ரா என்னும் பவளத்தீவில் ராபர்ட்சன் என்பாரும் அவருடைய துணைவரும் நடத்திய ஆராய்ச்சி 1979-ஆம் ஆண்டு வெளியாயிற்று. நீள்வரி டாங், வெளிர்நீல டாங், ஸீப்ரசோமா ஸ்கோபாஸ் எனப்படும் பழுப்பு டாங் ஆகிய மூன்று இனங்களின் மேய்ச்சல் முறையையும் கூட்டு வாழ்க்கையையும் அவர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உணவுப் பரப்பைக் காக்கும் இயல்பும், அதற்காகப் பிற பாசியுண்ணிகளை விரட்டும் இயல்பும் இக்குடும்பத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளன என்பதை அவ்வாராய்ச்சி தெளிவாக்கியது. நீள்வரி டாங் அலை மோதும் ஆழமற்ற பாறை விளிம்பைத் தனதாக்கிக்கொண்டு காவல் புரியும் மீன். இவ்வகையில் அதற்கு நிகரானவை சிலவே.

வேறொரு செய்தியும் கவனிக்கற்பாலது. காவலுக்கு உட்பட்ட பரப்பில் தனித்து நுழையும் குறுக்குவரி டாங் விரட்டப்படும். ஆனால் அதே மீன்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு இறங்கினால், காவல் மீன் ஒன்றைத் துரத்துவதற்குள் நூறு மீன்கள் மேய்ந்துவிடும். ஜார்ஜ் பார்லோ என்னும் விஞ்ஞானி, பிற இனங்களின் இக்காவலே குறுக்குவரி டாங் மீன்களைக் கூட்டமாகச் சேரத் தூண்டுகிறது என 1974-ஆம் ஆண்டு விளக்கினார். இதனால் அறியப்படுவது யாதெனில், ஒரு டாங் 'சாதுவானது' அல்லது 'முரடானது' என்பது அதன் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. பரப்பு, உணவு, அக்கம்பக்கத்து மீன்கள் ஆகிய மூன்றையும் பொறுத்தது என்பதாகும்.

கடலில் விரட்டப்படும் மீன் சில மீட்டர் தொலைவு நீந்தினால் பகைவனின் எல்லையைக் கடந்துவிடும். துரத்தலும் அத்துடன் முடிவுறும். கண்ணாடித் தொட்டியில் எல்லை கடக்க வழியில்லை. காவல் மீனோ தொட்டி முழுவதையும் தன் எல்லையாகவே கருதுகிறது. ஆகையால் கடலில் அரை நிமிடத்தில் முடியும் பூசல், தொட்டியில் நாள் முழுதும் நீடிக்கிறது. வாலை எதிரியின் பக்கம் திருப்பி, துடுப்புகளை விரித்து, வட்டமிட்டுச் சுழன்று வெட்டுதல் இம்மீன்களின் போர்முறை. வெட்டினால் இறப்பதைவிட, இடையறாத துரத்தலால் இரையின்றி வலுக்குன்றி நோய்வாய்ப்பட்டு இறப்பதே மிகுதி.

வாயின் அமைப்பும் உணவும்

ஒரே புல்வெளியை நாடுவோர் பகைவர். வேறு வேறு புல்வெளிகளை நாடுவோர் அயலார். இக்கருத்தை மனத்திற்கொண்டு பேரினங்களின் வாயையும் உணவையும் ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது.

அகாந்தூரஸ் மீன்கள் நீள்வட்ட உடலும் குட்டையான வாயும் உடையவை. பாறையின் திறந்த பரப்பிலுள்ள பாசியைப் பற்களால் கத்தரித்து உண்பவை இவற்றுள் பல. தடித்த, அரைக்கும் இரைப்பை பெற்ற சில இனங்கள் மணலையும் சேர்த்து விழுங்கும். பரப்பைக் காக்கும் முரட்டு இனங்கள் இப்பேரினத்திலேயே மிகுதி.

ஸீப்ரசோமா மீன்களின் உடல் வட்டத்தட்டுப் போன்றது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் உயர்ந்து விரிந்தவை. முகம் குழல்போல் நீண்டது. இந்நீண்ட முகத்தால் பாறையின் இடுக்குகளில் முளைத்த பாசியையும் எட்டிப் பறிக்க வல்லவை. மஞ்சள் டாங், பழுப்பு டாங், பாய்மரம் போன்ற துடுப்புடைய ஸீப்ரசோமா டெஸ்ஜார்டினி ஆகியவை இப்பேரினத்தின.

டெனோகீட்டஸ் மீன்களுக்குச் சீப்பின் பற்களைப் போல மெல்லிய, அசையும் பற்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவை பாசியை வேரோடு பறிப்பதில்லை. பாறையின்மேல் படிந்த நுண்துகள்களையும் டயாட்டம் என்னும் நுண்ணுயிர்த் தாவரங்களையும் துடைப்பத்தால் பெருக்குவதுபோல் வாரி உண்கின்றன. எனவே இவற்றைச் சீப்புப்பல் டாங் எனலாம். அகாந்தூரஸ் மீன் காக்கும் பரப்பில் இவை மேய்ந்தாலும், எடுக்கும் உணவு பெரும்பாலும் வேறு.

பாராகாந்தூரஸ் பேரினத்தில் உள்ள இனம் ஒன்றே. அது ஹெபாட்டஸ் எனப்படும் நீல டாங். பாறையின்மேல் நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்விலங்குகளை இது பெரிதும் உண்கிறது, பாசியையும் கொறிக்கும். இளமீன்கள் கிளைத்த பவளங்களின் அருகே கூட்டமாக வாழ்ந்து, அச்சம் நேர்ந்தால் கிளைகளுக்கிடையே புகுந்துகொள்ளும்.

நாசோ மீன்கள் வளர்ந்தபின் திறந்த நீரில் தொலைதூரம் நீந்துபவை. சில இனங்கள் தடித்த பழுப்புக் கடற்பாசிகளையும், சில இனங்கள் வளர்ந்தபின் மிதக்கும் நுண்விலங்குகளையும் உண்ணும்.

தொட்டியின் அளவு

துணையைத் தேர்வதற்கு முன் இடத்தை அளத்தல் வேண்டும். டாங் மீனுக்குத் தொட்டியின் கொள்ளளவைவிட நீளமே இன்றியமையாதது; ஏனெனில் இது நேராக விரைந்து நீந்தும் மீன். கடையில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் காணப்படும் நீல டாங், முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரை எட்டும். பாய்மரத் துடுப்புடைய ஸீப்ரசோமா 40 சென்டிமீட்டர்வரை வளரக்கூடியது. நாசோ பேரினத்தின் சில இனங்கள் 60 சென்டிமீட்டரையும் எட்டுவன. வாங்கும் அளவைப் பார்த்துத் தொட்டி அமைப்பது பிழை. வளரும் அளவைப் பார்த்தே அமைத்தல் முறை.

120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 430 லிட்டர் நீர் கொள்ளும். இதில் சிறிய இனமான ஒரு சீப்புப்பல் டாங் அல்லது ஒரு மஞ்சள் டாங் வளர்ப்பது தகும். இதற்கும் சிறிய தொட்டியில் டாங் மீனே வேண்டுவதில்லை. கோமாளி மீன் போன்றவை அதற்கு ஏற்றவை. 180 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட, ஏறத்தாழ 650 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியில், பேரினத்துக்கு ஒன்றாக இரண்டு அல்லது மூன்று டாங் மீன்களைச் சேர்க்கலாம். நாசோ இனங்களும் நீள்வரி டாங்கும் சாதாரண இல்லத் தொட்டிக்கு ஏலாதவை எனக் கொள்வதே நன்று.

களப்பணியாளர் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி எடை. 650 லிட்டர் கடல்நீர் மட்டும் ஏறத்தாழ 665 கிலோகிராம் நிறையுடையது. கண்ணாடி, பாறை, தாங்கி ஆகியவற்றின் எடை இதனுடன் சேரும். இவ்வளவும் ஒரு சதுரமீட்டரைச் சற்றே கடந்த பரப்பில் அமர்கிறது. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர விதிகள் வகுத்துள்ள பாரம் சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் மட்டுமே. ஆதலால் பெரிய தொட்டியைத் தரைத்தளத்தில் அமைப்பதே பாதுகாப்பு. மாடியில் அமைக்க வேண்டுமாயின் பொறியாளரின் கருத்தைப் பெறுதல் கட்டாயம்.

ஒத்து வாழும் சேர்க்கைகள்

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஓர் இனத்தில் ஒன்றுக்கு மேல் சேர்க்கலாகாது. இரண்டாவது, ஒரு பேரினத்திலும் ஒன்றுக்கு மேல் தவிர்த்தல் நலம். மூன்றாவது, பேரினம் வேறாயினும் உருவமும் நிறமும் நெருங்கி ஒத்திருக்கும் இரு மீன்களை ஒரே தொட்டியில் இடலாகாது. தன்னை ஒத்த தோற்றமுடையதையே டாங் மீன் முதற்பகையாகக் கருதித் தாக்குகிறது.

இவ்விதிகளின்படி, கடல்மீன் வளர்ப்பில் ஓரளவு பயிற்சி பெற்றவர்க்கு ஏற்ற சேர்க்கை ஒன்றைக் காட்டலாம். சீப்புப்பல் டாங் ஒன்று, மஞ்சள் அல்லது பழுப்பு டாங் ஒன்று, நீல டாங் ஒன்று ஆகிய மூன்றும் 180 சென்டிமீட்டர் தொட்டியில் பெரும்பாலும் ஒத்து வாழ்வன. முதலாவது பாறையின் படிவைப் பெருக்கி உண்கிறது. இரண்டாவது இடுக்கிலுள்ள பாசியைப் பறிக்கிறது. மூன்றாவது நடுநீரில் இரை தேடுகிறது. மூன்றின் உருவமும் வேறு, நிறமும் வேறு. நீல டாங் முழு வளர்ச்சி எய்தும்போது இன்னும் நீளமான தொட்டி தேவைப்படும் என்பதையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு மாறாக, மஞ்சள் டாங்கையும் பழுப்பு டாங்கையும் ஒன்றாக இடுவது ஆபத்தானது. நிறம் வேறாயினும் இரண்டும் ஒரே பேரினம், ஒரே உருவம், ஒரே மேய்ச்சல். வெளிர்நீல டாங்கையும் வேறொரு அகாந்தூரஸையும் ஒன்றாக இடுவதும் அத்தகையதே. வெளிர்நீல டாங்கின் அழகு பலரையும் மயக்குகிறது. ஆனால் அது போர்க்குணம் மிக்கது, பிராணவாயு நிறைந்த வேகமான நீரோட்டம் வேண்டுவது, நோய்க்கு எளிதில் இலக்காவது. புதியவர்க்கு அதனைப் பரிந்துரைத்தல் தகாது. தேர்ந்தவரும் அதனைத் தொட்டியின் ஒரே அகாந்தூரஸாக, எல்லா மீன்களுக்கும் இறுதியில் சேர்த்தல் வேண்டும்.

பெரிய தொட்டிகளில் ஒரே இனத்து மீன்கள் பல ஒன்றாக வாழ்வதைக் காட்சிசாலைகளில் பார்த்தோர், இல்லத்திலும் அவ்வாறு செய்ய முற்படுவதுண்டு. பல மீன்கள் ஒருங்கே விடப்படும்போது ஒன்றன் சினம் பலவற்றின்மேல் பகிர்ந்து விழுவது உண்மையே. ஆனால் இதற்குப் பல்லாயிரம் லிட்டர் நீர் தேவை. இரண்டே மீன்களை ஒரே இனத்தில் சேர்ப்பதுதான் எல்லாவற்றினும் தீயது. சினம் முழுவதும் ஒன்றன்மேலேயே விழும்.

பிற குடும்பத்து மீன்களுள் பாசியுண்ணும் ஓரா மீனுடன் டாங் சிற்சில பூசல்களோடு பெரும்பாலும் இணங்கி வாழும். ஓராவின் துடுப்பு முட்கள் நஞ்சுடையவை. ஆகையால் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். கோமாளி மீன்களுடன் டாங் மீனுக்குப் பகையில்லை. பெரிய கிளாத்தி மீன்கள் எதனையும் கடிக்கும் இயல்புடையவை. அவற்றைத் தவிர்ப்பதே நலம்.

வாங்கும்போது இனத்தைச் சரியாக அடையாளம் காணுதல் இன்றியமையாதது. அகாந்தூரஸ் பைரோஃபெரஸ் என்னும் மீனின் இளம் பருவம், குட்டித் தேவதை மீன் ஒன்றைப் போல மஞ்சள் வேடம் பூண்டிருக்கும். வளர்ந்தபின் கரும்பழுப்பாக மாறிவிடும். இதனை மஞ்சள் டாங் என நம்பி வாங்குவோர், அறியாமலேயே வேறு பேரினத்து மீனொன்றைத் தொட்டியில் சேர்த்தவராவர். நிறத்தை மட்டும் நம்பாது, முகத்தின் நீளத்தையும் துடுப்பின் உயரத்தையும் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

சேர்க்கும் வரிசையும் முறையும்

புதிய தொட்டியில் உடனே டாங் மீனை விடலாகாது. கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன்பின்னும் பாறையில் பாசி படரச் சில மாதங்கள் காத்திருப்பது டாங் மீனுக்கு நன்மை. உஷ்ணநிலை 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், உப்பு ஆயிரத்துக்கு 33 முதல் 35 பங்கு வரையிலும் இருத்தல் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் காணப்படவே கூடாது.

தொட்டியில் சேர்க்குமுன் ஒவ்வொரு மீனையும் தனித்தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வைத்துப் பார்த்தல் வேண்டும். கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒட்டுயிரியால் வரும் கடல் வெண்புள்ளி நோய் டாங் மீன்களை எளிதில் பற்றுவது. மீனின் உடலில் சில நாட்கள் தங்கும் இவ்வுயிரி, பின்பு உதிர்ந்து அடிமணலில் கூடு கட்டி, அதிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுயிர்களாக வெளிப்பட்டு மீண்டும் மீன்களைத் தேடும். ஆகவே புள்ளிகள் மறைந்தவுடன் நோய் தீர்ந்தது எனக் கருதுவது தவறு. செம்பு கலந்த மருந்து இதற்குப் பயன்படுவதாயினும், அதனைத் தனித்தொட்டியில் அளவறிந்தே இடவேண்டும். முதன்மைத் தொட்டியில் இட்டால் இறால், சங்கு முதலிய முதுகெலும்பில்லா உயிர்கள் மடிந்துபோகும்.

சேர்க்கும் வரிசையில் சாதுவான மீன் முதலிலும் முரட்டு மீன் இறுதியிலும் வருதல் முறை. முன் குறித்த சேர்க்கையில் முதலில் சீப்புப்பல் டாங், அடுத்து நீல டாங், இறுதியில் மஞ்சள் டாங் எனச் சேர்க்கலாம். முடியுமாயின் தனித்தொட்டியிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது இன்னும் சிறந்தது. அப்போது எதுவும் நிலவுரிமை கொண்டாட இயலாது.

முன்பே ஒரு டாங் குடியிருக்கும் தொட்டியாயின் மூன்று உபாயங்கள் பயன்படும். பாறைகளை இடம் மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் அழியும். துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் புதிய மீனைச் சில நாட்கள் தொட்டிக்குள்ளேயே வைத்தால், ஒன்றையொன்று பார்த்துப் பழகும். தொட்டியின் ஒரு பக்கத்தில் வெளியே கண்ணாடி ஒன்றை நிறுத்தினால், பழைய மீன் தன் சாயலோடு போராடிப் புதிய மீனை ஓரளவு மறக்கும். பெட்டியைச் சுற்றிப் பழைய மீன் நான்கைந்து நாட்களுக்குப் பின்னும் விடாது வாலை வீசித் தாக்குமாயின், அவ்விரண்டும் ஒத்து வாழா என்று கொண்டு புதியதைத் திருப்பிவிடுதலே அறிவுடைமை.

டாங் மீனை வலையால் பிடித்தால் அதன் முள் வலையில் சிக்கி மீனுக்கும், கையில் கீறிப் பிடிப்பவர்க்கும் காயம் விளையும். அகன்ற வாயுடைய பாத்திரத்தால் நீருடன் முகந்து எடுப்பதே பாதுகாப்பான முறை.

உணவும் அமைதியும்

பசித்த மீனே சண்டையிடும் மீன். எனவே உணவூட்டும் முறையால் பகையைப் பெரிதும் தணிக்கலாம். உல்வா என்னும் கீரை போன்ற பச்சைக் கடற்பாசி, மன்னார் வளைகுடாக் கரையில் கஞ்சிப்பாசி என வழங்கும் கிராசிலேரியா, உலர்ந்த நோரித் தாள் ஆகியவை நல்ல உணவுகள். இவற்றைத் தொட்டியின் ஒரே மூலையில் கட்டினால் வலிய மீன் அம்மூலையைக் காவல் காக்கும். இரண்டு மூன்று இடங்களில் கட்டினால் எல்லா மீன்களும் உண்ணும். நாளொன்றுக்கு ஒரு முறை மிகுதியாக இடுவதைவிட, காலை முதல் மாலைவரை பாசி கிடைக்குமாறு செய்வதே இவற்றின் இயல்புக்கு ஒத்தது. நீல டாங்குக்கு நுண்ணிறால் போன்ற விலங்குணவும் வேண்டும். வயிறு உட்குழிந்தும், தலைக்குப் பின்புறச் சதை வற்றியும் தோன்றும் மீன் போதிய உணவு பெறவில்லை என அறிக.

பிடித்த மீனும் வளர்த்த மீனும்

டாங் மீனைத் தேர்ந்தெடுப்பவர், அது எங்கிருந்து வந்தது என்பதையும் வினவுதல் கடமை. விற்பனைக்கு வரும் டாங் மீன்களுள் மிகப் பல கடலில் பிடிக்கப்பட்டவை. ஹவாயின் மேற்குக் கரையில் தொட்டி மீன் பிடிப்பில் பெரும்பங்கு மஞ்சள் டாங்காகவே இருந்தது. மீன்கள் குறைவதைக் கண்டு 1999-ஆம் ஆண்டின் இறுதியில் அக்கரையின் ஏறத்தாழ 35 சதவீதம் தொட்டி மீன் பிடிப்புக்கு மூடப்பட்டது. மூடிய பகுதிகளில் மஞ்சள் டாங் பெருகியது. பின்னர் 2017-இல், சூழல் ஆய்வின்றி இப்பிடிப்புக்கு உரிமம் வழங்கலாகாது என்னும் கருத்துப்பட அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டாங் மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்குவது நெடுங்காலம் கைகூடாதிருந்தது. இதன் குஞ்சுகள் மிக நுண்ணியவை; அவற்றின் வாய்க்கு ஏற்ற இரையை அளிப்பது அரிது; பல வாரங்கள் மிதவை நிலையிலேயே கழிப்பவை. இத்தடைகளைக் கடந்து ஹவாயிலுள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015-இல் மஞ்சள் டாங்கையும், ஃபுளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016-இல் நீல டாங்கையும் வளர்த்தெடுத்தனர். நம் நாட்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களின் இனப்பெருக்க முறைகளை வகுத்துள்ளது. வளர்ப்பகத்தில் பிறந்த மீன் கிடைக்குமிடத்து அதனையே வாங்குதல் இருவகையில் நன்மை: கடலுக்கு இழப்பில்லை, தொட்டி உணவுக்கு அம்மீன் பழகியுமிருக்கும்.

பவளப்பாறைக்கு டாங் மீன் ஆற்றும் பணியும் நினைவுகூரத்தக்கது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் லட்சத் தீவுகளின் பவளங்கள் வெளிறிப் பெருமளவு மடிந்தன. மடிந்த பவளத்தின்மேல் பாசி மூடிவிட்டால் புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர இடமிராது. அப்பாசியை மேய்ந்து இடத்தைத் தூய்மையாக வைப்பவற்றுள் டாங் மீன்கள் முக்கியமானவை. மேலும், தொட்டியை அழகுபடுத்த நம் கடலின் பவளத்தை எடுப்பது குற்றமாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை அமைக்கும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. பீங்கானாலோ சிமெண்டாலோ வார்த்த செயற்கைப் பாறைகளே இதற்கு ஏற்றவை.

பள்ளியில் ஒரு பாடம்

டாங் மீன் உள்ள தொட்டி அமைந்த பள்ளிகளில், மாணவர் இவ்வுண்மைகளைத் தாமே கண்டறிய எளிய பயிற்சி ஒன்று அளிக்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம், ஒவ்வொரு மீனும் பாறையை எத்தனை முறை கொறிக்கிறது, எத்தனை முறை பிறவற்றைத் துரத்துகிறது என எண்ணிக் குறிப்பேட்டில் எழுதச் செய்தல் வேண்டும். ஒரு வாரம் பாசியை ஓரிடத்திலும், அடுத்த வாரம் மூன்று இடங்களிலும் கட்டி, இரு வாரங்களின் எண்களையும் ஒப்பிடலாம். பகைமை என்பது மீனின் 'கெட்ட குணம்' அன்று, இடத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பே என்பதை அவ்வெண்கள் மாணவர்க்கு விளக்கும்.

களப்பணியாளர், மீன் வாங்க விழைவோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டறிதல் போதுமானது. தொட்டியின் நீளம் என்ன? அதில் முன்பே உள்ள டாங் எப்பேரினத்தைச் சேர்ந்தது? புதிய மீனைத் தனித்து வைக்க வேறு தொட்டி உண்டா? இவற்றுள் ஒன்றுக்கு நிறைவான விடை கிடைக்காவிடினும் வாங்குவதைத் தள்ளிப்போடச் சொல்வதே அவர்க்கும் மீனுக்கும் செய்யும் நன்மையாகும்.